ஆமை வாங்கும் முன் தரையைத் தொட்டுப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் என் கிளினிக்குக்கு வரும் ஆமைகளும் கூடிவிடும். போன டிசம்பரில் நான்கு வயது சல்காட்டா ஆமை ஒன்றைப் பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்துக் கொண்டுவந்தார்கள். கழுத்தை முழுசாக நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கில் சோப்பு நுரை மாதிரி ஒரு குமிழி. காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய விசில் சத்தம். நிமோனியா.

"பாலைவன ஆமை டாக்டர், நம்ம சென்னை வெயிலுக்கு நல்லா இருக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்றார் வளர்ப்பவர்.

வெயில் ஒத்துக்கொள்ளும். மழைதான் ஒத்துக்கொள்ளாது. சல்காட்டாவின் சொந்த இடம் சஹாராவின் தெற்கு ஓரம். செனகலில் தொடங்கி சூடான் வரை. அங்கே இரவு குளிர்ந்தாலும் காற்று காய்ந்திருக்கும், விடிந்தால் வெயில் அடிக்கும். சென்னையில் டிசம்பர் இரவு 22 டிகிரி என்பது நமக்குக் குளிரே இல்லை. ஆனால் நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாமல், காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி, பால்கனி டைல்ஸில் படுத்துக் கிடக்கும் ஆமைக்கு அது வேறு கதை. அதன் உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு இறங்கினால் நோய் எதிர்ப்பும் இறங்கும். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானம் ஆமைக்குக் கிடையாது. இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. எனவே ஊசியை எடுப்பதற்கு முன் அதைச் சூடாக்குவதுதான் என் முதல் வேலை. குளிர்ந்த உடம்பில் ஆன்டிபயாட்டிக் சரியாக வேலை செய்யாது.

இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். குட்டியைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, மேலே விளக்கு எரியவிட்டு, காயக் காய வளர்க்கிறார்கள். அதுவும் தப்பு. அந்த வறண்ட ஊரில் சல்காட்டா ஆழமாக வளை தோண்டி, உச்சிவெயிலில் அதற்குள்தான் கிடக்கும். வளைக்குள் மண் ஈரம் இருக்கும். அந்த ஈரம் கிடைக்காத குட்டிக்கு ஓடு வழவழப்பாக வளராமல் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். எழும்பியது எழும்பியதுதான், திரும்ப அமுங்காது. இத்தனைக்கும் உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி 40 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இது ஆகவே ஆகாது.

ரஷ்யன் ஆமை என்று விற்பது கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து இனம். 1968இல் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய இரண்டு ஆமைகளும் இந்த இனம்தான். அவ்வளவு கெட்டியான உடம்பு. ஆனால் வருஷத்தில் பல மாதம் மண்ணுக்குள் உறங்குவது அதன் இயல்பு. குளிர்காலமே இல்லாத, புழுக்கமான கடலோர ஊரில் அதை வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் எதுதான் ஒத்துவரும்? வெளிநாட்டு இனங்களில் நம் கடலோரத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருவது ரெட் ஃபுட். பிரேசில், வெனிசுலா பக்கத்துக் காட்டோரத்து ஆமை. வெக்கையும் ஈரமும் அதற்குப் பழக்கம், குளிர்கால உறக்கம் கிடையாது, ஓடு பெரும்பாலும் ஓரடி அளவில் நின்றுவிடும். வேலூர், திருச்சி மாதிரி ஊர்களில் மே மாதம் நிழலும் நனைந்த மண்ணும் இல்லாமல் விடக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் ஊட்டியிலோ அதைத் தோட்டத்தில் விடும் பேச்சே வேண்டாம். வாங்குவதென்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவான ஆமைதானா என்று ஆவணத்தைப் பாருங்கள். 2024இல் வந்த விதிகளின்படி இது கட்டாயம்.

நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் மழைக்கும் முழுசாகப் பொருந்தும் நில ஆமை என்றால் அது நட்சத்திர ஆமை. முட்புதர்க் காட்டில் காலையும் மாலையும் மேயும், மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2023 ஏப்ரல் முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் அதே அட்டவணைதான். அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கி, பிறகு பயத்தில் யாருக்கும் காட்டாமல், சாகும் தறுவாயில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பார்க்கவே மனசு தாங்காது. தயவுசெய்து வாங்காதீர்கள். கையில் இருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கொண்டுபோய் ஏதோ ஒரு காட்டில் விட்டால், அங்கே இருக்கும் ஆமைகளுக்கு நோய் தொற்றலாம்.

எந்த ஆமையானாலும், வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அது படுக்கப்போகும் தரையிலேயே வையுங்கள். சுவரில் மாட்டாதீர்கள், ஆமை வாழ்வது தரைக்கு அரையடி உயரத்துக்குள். ஒரு மழைக்காலம் முழுக்க விடியற்காலையில் குறித்து வாருங்கள். அந்தச் சல்காட்டா மெல்லத் தேறி, ஐந்தாவது வாரம் தானாகவே முருங்கைக்கீரையைக் கடித்தது. அதற்குள் வளர்ப்பவரும் வீட்டில் அளந்து எனக்கு அனுப்பியிருந்தார். ஹால் சுவரில் 27 டிகிரி. பால்கனித் தரையில் 21.