தோலில் கீறலில்லை, உள்ளே உதரவிதானம் கிழிந்திருக்கிறது

மார்பறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குவிமாடம் போல் விரிந்திருக்கும் மெல்லிய தசைத்தட்டே உதரவிதானம். மூச்சை உள்ளிழுக்கையில் அது கீழிறங்க, மார்பறையின் அழுத்தம் குறைந்து நுரையீரலுக்குள் காற்று நுழைகிறது. வயிற்றறையின் அழுத்தமோ கூடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காரின் ஸ்டீயரிங் வயிற்றில் மோதும்போது தோலில் சிராய்ப்புகூட இல்லாமல் போகலாம். ஆனால் வயிற்றறை ஏறக்குறைய நீர் நிரம்பிய பை; முன்புறம் நசுங்கினால் அழுத்தம் எல்லாத் திசையிலும் பாய்கிறது, பின்னே முதுகெலும்பும் கீழே இடுப்பெலும்பும் தடுத்து நிற்க, மேலேயுள்ள தசைத்தட்டு கிழிகிறது. பெரும்பாலும் இடப்பக்கமே கிழியும். வலப்பக்கத்தைக் கல்லீரல் மெத்தையாகத் தாங்குகிறது.

இந்தக் கிழிசல் தானாக ஆறுவதில்லை. நம்மை மூச்சுவிட வைக்கும் அதே அழுத்த வேறுபாடு, ஒவ்வொரு மூச்சிலும் இரைப்பையையும் பெருங்குடலையும் மேலே இழுத்து, விளிம்புகளைச் சேரவிடாமல் செய்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பரே, குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவர் எட்டு மாதங்களுக்குப் பின் இறந்ததைப் பதிவுசெய்துள்ளார். உதரவிதானத்தில் சுண்டுவிரல் நுனியளவே இருந்த துளையில் பெருங்குடல் சிக்கியிருந்தது.

கண்டுபிடிப்பதுதான் கடினம். மார்புக்குள் ஏறிய இரைப்பையில் காற்று நிறைந்திருந்தால், எக்ஸ்ரேயில் அது நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியதுபோல் தோன்றும்; அதை நம்பிக் காற்றை வெளியேற்ற அவசரமாக மார்பில் குழாய் செருகினால் இரைப்பை துளைபடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் குழாய்க்கான கீறல் வழியே முதலில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்திய ரைல்ஸ் டியூப் என்னும் மெல்லிய குழாய் மார்புக்குள் சுருண்டு கிடப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. வென்டிலேட்டர் பொருத்தியவரிடம் காற்றழுத்தம் உறுப்புகளைக் கீழே தள்ளிக் கிழிசலை மறைத்துவிடும் என்பதால், ஸ்கேனும் சில நேரம் ஏமாற்றும்.

புதிய காயமானால் பெரும்பாலும் வயிற்றையே திறக்கிறார்கள். மண்ணீரலோ குடலோ சேர்ந்தே சிதைந்திருப்பது வழக்கமாதலால், இரத்தக்கசிவை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு ஏறிய உறுப்புகளை மெல்ல இறக்கி, இரத்த ஓட்டமற்ற பகுதி இருந்தால் அகற்றி, மார்பறையைக் கழுவி, கரையாத நூலால் விளிம்புகளை இறுக்கித் தைக்கிறார்கள். மார்பில் ஒரு வடிகுழாய் வைக்கப்படுகிறது. அதன் வழியே காற்றும் இரத்தமும் வெளியேற, ஒடுங்கிக் கிடந்த நுரையீரல் மீண்டும் விரிகிறது.