பழைய பிக்கப் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரம்

பழைய பிக்கப் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். புகையும் ஆயில் கசிவும் இழுவைக் குறைவும் உடனே தெரிந்துவிடுகின்றன. சக்கரத்தின் பிடிப்பு குறைவது அப்படித் தெரிவதில்லை. ஆனால் பாரம் ஏற்றி வேகமாகப் போகும்போது சக்கரம் கழன்றால், வண்டிக்குள் இருப்பவர்களோடு எதிரே வருகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. எனவே எந்தப் பழைய வண்டி வந்தாலும் நான் முதலில் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

வண்டியின் பாரம் ஸ்டட்டுகளின் (ரிம்மின் துளைகள் வழியே வந்து நட்டு ஏறும் மரைக் கம்பிகள்) மேல் உட்கார்ந்திருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. அது மீண்டும் சுருங்க முயலும் விசைதான் ரிம்மை ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் மையப்பகுதி) முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பாரத்தையும் பிரேக் விசையையும் பெருமளவு தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் ரிம் ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணளவு அசைந்து, ஸ்டட்டைத் திரும்பத் திரும்ப வளைத்து, கடைசியில் முறித்துவிடும்.

பழைய வண்டிகளில் இந்தப் பிடிப்பைக் கெடுப்பவை துருவும் பெயின்ட்டும். ரிம்மை அழகுபடுத்த அடித்த பெயின்ட் ஹப்போடு சேரும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் தடிமனாகப் படிந்திருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி உதிர, சரியாக முடுக்கிய நட்டும் தளர்ந்துபோகும். அந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். மரையில் எண்ணெய் தடவும் பழக்கத்தையும், தயாரிப்பாளர் சொல்லியிருந்தாலன்றி, விட்டுவிடுங்கள். எண்ணெய் பட்ட மரையில் அதே முடுக்குவிசை ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். நட்டுகளை எதிரெதிராக, சில சுற்றுகளில், டார்க் ரெஞ்சால் (முடுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும். இம்பாக்ட் கன்னால் (நட்டை அடித்து முடுக்கும் இயந்திரம்) முடுக்கி அப்படியே அனுப்புவதை நான் வேலை முடிந்ததாகவே கருதுவதில்லை.

நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் வழிந்திருந்தாலோ, ரிம்மின் துளை நீள்வட்டமாகியிருந்தாலோ, அந்தச் சக்கரம் தளர்ந்தே ஓடியிருக்கலாம். துளை நீண்ட ரிம் இனி உதவாது. ஒரு ஸ்டட் முறிந்திருந்தால், அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த பக்கத்து ஸ்டட்டுகளையும் மாற்றுவதே சரி. இரும்பு ரிம்மிலிருந்து அலாய் வீலுக்கு மாறுகிறவர்கள் நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் நட்டையே போட வேண்டும்.

பேரிங்கைச் சோதிக்க, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்ப உதவும் இணைப்புகளான பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் என்று சந்தேகிக்கலாம். பின் சக்கரத்தில் ஆயில் சீல் கசிந்து ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மாட்டக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எப்போதாவது மட்டுமே எடுக்கும் வண்டிகளில் டயரின் பட்டன் (சாலையைப் பற்றும் மேற்புற வரிகள்) ஆழமாக இருக்கும். ரப்பரோ முதுமையடைந்து, பக்கச்சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். டயரில் டாட் என்னும் ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பத்து ஆண்டைக் கடந்த டயரை, ஸ்டெப்னியாகத் தொங்கிக்கொண்டே இருந்திருந்தாலும், நான் மாட்டித் தரமாட்டேன். அளவு பொருந்துகிறதென்று பாரம் தாங்கும் திறன் குறைந்த கார் டயரைப் போடுவதும் ஆபத்து. காற்று குறைந்து பாரமும் ஏறினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

விரிசல் விட்ட ரிம்மை வெல்டிங் வைக்கக் கேட்பவர்களுக்கு என் பதில் மறுப்புதான். மிகப் பழைய வண்டிகளில் வரும் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) வைத்த ரிம்மை வீட்டில் தொடவே வேண்டாம். வால்வின் உள்ளூசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்கிய பின்பே ரிங்கைக் கழற்ற வேண்டும். காற்றடிக்கும்போது டயர் இரும்புக் கூண்டுக்குள்ளும், அடிப்பவர் ரிங் தெறித்தால் பறக்கும் நேர்ப்பாதையை விட்டு விலகியும் இருக்க வேண்டும்.