நுவார்: கறுப்பா, இருளா?

ஒருவகைக் குற்றப் படங்களுக்குப் பெயரான 'noir' என்ற பிரெஞ்சுச் சொல்லை நோயர், நொய்ர், நாயர் என்று விதவிதமாக எழுதிப் பார்த்துவிட்டோம். நாயர் என்றால் டீக்கடைதான் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி ரகரத்தைத் தொண்டையில் உரசிச் சொல்வார்கள். நமக்கு 'நுவார்' போதும். பொருள் கறுப்பு, மூலம் லத்தீன். 'ஃபிலிம் நுவார்' என்றால் சொல்லுக்குச் சொல் கறுப்புப் படம்.

பெயர் பிரெஞ்சு, பெயர் பெற்றவை அமெரிக்கப் படங்கள். நாஜிகளின் பிடியில் பிரான்ஸ் இருந்த ஆண்டுகளில் ஹாலிவுட் படங்கள் அங்கே வரவில்லை. 1946-ல் தேங்கியிருந்தவை மொத்தமாக வந்து இறங்கின. துப்பறிவாளன், துரோகம், நிழல் விழுந்த முகங்கள் என்று எல்லாவற்றிலும் ஒரே மூட்டம். அந்த ஆகஸ்டில் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அவற்றை 'நுவார்' என்றார். 1930-களின் இறுதியிலேயே பிரெஞ்சுப் பத்திரிகைகள் சொந்த நாட்டுப் படங்களை இப்படித் திட்டியதுண்டு. காலிமார் பதிப்பகமும் 1945-ல் 'செரீ நுவார்' (கறுப்பு வரிசை) என்று குற்ற நாவல் வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் படம் எடுத்தவர்களுக்கோ தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்றே தெரியாது; மெலோட்ராமா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பு என்பது நிறத்தைச் சொல்லவில்லை என்பதற்கு நான் காட்டும் படம் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'ஆல்ஃபாவில்' (1965). கதை நடப்பது வேறொரு விண்மீன் மண்டலத்தில். அரங்கம் எதுவும் போடவில்லை. அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களை ராத்திரியில் படம்பிடித்தார்கள், அவ்வளவுதான். மழைக்கோட்டும் தொப்பியும் துப்பாக்கியுமாக லெம்மி காஷன் காரில் வந்து சேர்கிறான். எடி கான்ஸ்டன்டைன் 1953 முதல் பிரெஞ்சுப் படங்களில் நடித்துவந்த அதே துப்பறிவாளன்தான், ஆள்கூட மாறவில்லை. ஊரை ஆள்வது ஆல்ஃபா 60 என்ற கணினி. அதன் கரகரப்புக் குரல், குரல்வளையை இழந்து மறுபடி பேசப் பழகிய ஒருவருடையது.

சொல் விளக்கம் எழுதுகிறவனுக்கு இந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே ஓட்டல் அறையில் பைபிள் என்று வைத்திருப்பது ஓர் அகராதி. சொற்களைத் தடைசெய்யத் தடைசெய்யப் புதுப் பதிப்பு வரும். படத்தின் நாயகி நதாஷாவுக்கு 'மனசாட்சி' என்றால் என்னவென்றே தெரியாது. நுவாரின் இருட்டு இப்போது அகராதிக்குள்ளேயே வந்துவிட்டது!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கறுப்புப் படம்' சரிப்படாது. கறுப்பு வெள்ளைப் படம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'ஆரண்ய காண்டம்' மாதிரி வண்ணத்தில் வந்த நியோ நுவாரை, அதாவது பிற்காலப் புது நுவாரை, எங்கே வைப்பது? கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை வேறு. தொல்காப்பியமோ 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது. நுவாரில் கோபம் குறைவு, அலுப்புதான் அதிகம். 'இருண்மை' நல்ல சொல்தான். ஆனால் புரியாத கவிதையைக் குறிக்க அதை விமர்சகர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

'இருள்' மிச்சம். அதில் வெளிச்சமின்மையும் உண்டு, மனத்தின் மயக்கமும் உண்டு. 'இருள்சேர் இருவினை' என்று வள்ளுவர் சொல்லும்போது விளக்கணைந்த அறையையா சொல்கிறார்? ஆகவே என் ஓட்டு 'இருட்படம்'. ளகரம் டகரமாவது காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடு, பழகினால் சரியாகிவிடும். நியோ நுவாருக்குப் 'புது இருட்படம்'.

அறிபுனையும் (அறிவியல் புனைவு) நுவாரும் கலந்ததற்கு 'டெக் நுவார்' என்றொரு பெயர் புழங்குகிறது. 1984-ல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தில் ஓர் இரவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்தது அது. 'ஆல்ஃபாவில்' வந்து 19 ஆண்டு கழித்து! நான் 'அறிபுனை இருட்படம்' என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் நாயர் என்று படிக்கமாட்டார்கள்.