குதிகாலில் எலும்பு வளர்ந்துவிட்டதென்று பயந்து நடையை நிறுத்தாதீர்கள்

எக்ஸ்ரே கவரை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம் மேடம், வெட்டி எடுத்தாதான் வலி போகுமாம்." பிசியோதெரபி அறையில் இதை எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று! கடைசியாக வந்த ஒரு அம்மா, எலும்பு குத்திவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் குதிகாலை ஊன்றாமலே நடந்திருக்கிறார். கெண்டைக்கால் தசை இறுகிப்போய், இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. அவரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் அந்தக் குதிமுள் பெரும்பாலும் வலிக்குக் காரணம் அல்ல. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது. கடுமையாக வலிக்கிற பலருக்கு அது இல்லவே இல்லை. வலி முழுக்கப் போய், ஓட ஆரம்பித்தவர்களுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தாலும் முள் இருந்த இடத்திலேயே இருக்கும். அது சதையைக் கீழ்நோக்கிக் குத்துவதும் இல்லை. முன்பக்கம் விரல்களைப் பார்த்தபடி நீண்டிருக்கும். ஆகவே "எலும்பு கரைய மருந்து இருக்கிறதா" என்று தயவுசெய்து தேடாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வலிப்பது, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை ஓடும் உள்ளங்கால் சவ்வு. அது எலும்பில் ஒட்டும் இடத்தில், குதிகாலின் உள்பக்க ஓரத்தில், கட்டைவிரலால் அழுத்தினால் "ஆ" என்பீர்கள். காலையில் வைக்கும் முதல் அடி உயிர் போகும், பத்து அடி நடந்தால் குறையும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் வரும். இதைச் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும், எக்ஸ்ரேகூடப் பல நேரம் தேவைப்படாது.

முதல் பயிற்சியைக் கட்டிலிலேயே செய்யுங்கள், தரையில் கால் வைப்பதற்கு முன்னால். வலிக்கும் காலை மற்றக் கால் முட்டிமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். சவ்வு வீணைத் தந்தி மாதிரி விறைத்துத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இழுத்தது போதவில்லை. 10 விநாடி பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. எழுந்து நடந்து, வலித்த பிறகு செய்வதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

அடுத்து கெண்டைக்கால். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 30 விநாடி. முட்டியை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை, ஏனென்றால் அங்கே இரண்டு தசைகள் இருக்கின்றன. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வலி அடங்க ஆரம்பித்ததும் வலுவூட்ட வேண்டும். வலி திரும்ப வராமல் இருக்க இது அவசியம். படி விளிம்பில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து நின்று, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று ஊசி போடக் கிளம்பாதீர்கள். இது குணமாக மாதங்கள் ஆகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும், சவ்வு அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. தேய்ந்துபோன செருப்பைத் தூக்கிப் போடுங்கள். கடினமான தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்காதீர்கள். நடையை ஒரேயடியாகக் கூட்டுவதும் வேண்டாம்.

எல்லாக் குதிகால் வலியும் இது இல்லை. படுத்திருக்கும்போதும் வலி, மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல், திடீரென்று 'பட்'டென்று அறுந்த உணர்வு, குதிகாலை இருபுறமும் அழுத்தினால் தாங்க முடியாத வலி, இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்துக் காலையில் முதுகும் இறுகுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் ஒத்தடத்தைத் தாங்களாகவே வைக்காதீர்கள், தோல் புண்ணாவதே தெரியாது. விளையாடும் பிள்ளைகள் குதிகால் வலி என்றால் அது வளரும் எலும்பு சம்பந்தப்பட்ட வேறு பிரச்சினையாக இருக்கலாம். மேலே சொன்ன பயிற்சிகளை அவர்களுக்குச் செய்ய வைக்காமல் அழைத்து வந்து காட்டுங்கள்.