ஹெரிட்டேஜ் ரயில்வே: “பாரம்பரிய ரயில்” பொருந்துமா?

போன வாரம் ஒரு பயண நிகழ்ச்சியில் வேல்ஸ் நாட்டின் தலிஹ்லின் ரயிலைக் காட்டினார்கள். பச்சைப் பள்ளத்தாக்கு, தூறல், மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறும் குட்டி எஞ்சின். படத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழ்க் குரல்தான் உறுத்தியது. பழைய ரயில்பாதையைக் காப்பாற்றி ஓட்டுவதை ஆங்கிலத்தில் “ஹெரிட்டேஜ் ரயில்வே” என்பார்கள், அதற்கு இவர்கள் போட்ட தமிழ் “பாரம்பரிய ரயில்”, அரை மணி நேரத்தில் பதினேழு முறை வந்தது. எண்ணினேன், வேறு வேலை இல்லை. கடைசியில் “டவின் துறைமுக நிலையத்திலிருந்து பாரம்பரிய ரயில் புறப்படுகிறது” என்றதும் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அந்தத் துறைமுகம். டவின் கடலோர ஊர்தான், ஆனால் அந்த ஸ்டேஷனில் கப்பல் எதுவும் நிற்பதில்லை. மலையிலிருந்து குட்டி ரயிலில் வரும் சிலேட்டுக் கற்களை இறக்கி, பெரிய ரயில் வண்டிகளில் ஏற்றிய இடம் அது. அதனால் “வார்ஃப்”, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் இடம், என்று பெயர் வந்தது. அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்துப் போட்டதில் மொழிபெயர்ப்பாளரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. இது ஊர்ப்பெயரோடு ஒட்டிய சொல். “டவின் வார்ஃப்” என்று விட்டிருந்தாலே போதும்.

சரி, தலைப்புச் சொல்லுக்கு வருவோம். ஹெரிட்டேஜ் என்பதன் வேர் லத்தீன் “ஹெரெஸ்”. பொருள்: வாரிசு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வாரிசுக்கு வந்துசேரும் சொத்தைக் குறித்தது. பழங்கட்டடம், கலை என்றெல்லாம் பொருள் விரிந்தது பிற்பாடு. ரயில்வே என்றால் வண்டி மட்டும் இல்லை. தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், சிக்னல், வண்டி எல்லாம் சேர்ந்த மொத்தம். சொல் வரலாறு இவ்வளவுதான்.

இனி “பாரம்பரியம்”. பரம்பரையிலிருந்து வந்த சொல். வடசொல் என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. என் வீட்டிலேயே பாரம்பரிய நெல் வாங்குகிறோம், பாரம்பரிய வைத்தியமும் பார்த்திருக்கிறோம். அந்த இடங்களில் அது சரியான சொல். பாட்டன், அப்பன், மகன் என்று கை மாறி, நடுவில் அறுபடாமல் வருவது பாரம்பரியம். மேட்டுப்பாளையம்–உதகை ரயிலைப் பாரம்பரிய ரயில் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் உதகையைத் தொட்ட பாதை. அரசு ரயில்வே ஓட்டுகிறது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பத்திரிகைகள் அதற்குச் சூட்டிய பெயரைத்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு வேல்ஸுக்கும் ஒட்டுகிறார்கள்.

தலிஹ்லினின் கதை வேறு. பிரின் எக்ல்விஸ் குவாரியின் சிலேட்டை இறக்க 1865-இல் போட்ட பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடி மூன்றங்குலம்தான் அகலம். 1911-இல் ஹெய்டன் ஜோன்ஸ் என்பவர் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1946-இல் பாறை சரிந்து குவாரி மூடியது. மனிதர் விடவில்லை, ரயிலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரிட்டன் ரயில்களை எல்லாம் 1948-இல் அரசு எடுத்துக்கொண்டபோது இந்தச் சின்னப் பாதை பட்டியலிலேயே இல்லை. 1950-இல் அவர் இறந்தபோது தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது, எஞ்சின்களில் டோல்கோக் ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டு, ரயிலைக் காப்பாற்ற ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த ரயிலோடு உறவும் இல்லை, அந்த ஊர்க்காரர்களும் இல்லை. ஜோன்ஸின் மனைவி பங்குகளை ஒப்படைக்கச் சம்மதித்தார். 1951 மே மாதம் அந்தச் சங்கத்தின் பொறுப்பில் முதல் வண்டி கிளம்பியது. தொண்டர்கள் கையில் எடுத்து ஓட்டிய முதல் ரயில்பாதை உலகத்திலேயே இதுதான். பக்கத்தில் மூடிப்போன கோரிஸ் பாதையின் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுனுக்கு வாங்கிவந்தார்கள். இரண்டு பாதைக்கும் ஒரே அகலம் என்பது அதிர்ஷ்டம்.

இதில் பரம்பரை எங்கே இருக்கிறது? அறுந்துபோக இருந்த கயிற்றை வழிப்போக்கர்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்ட கதை இது. அவர்கள் சங்கத்துக்கு வைத்த பெயரிலும் ஹெரிட்டேஜ் கிடையாது, “பிரசர்வேஷன்”, அதாவது பாதுகாப்பு என்றுதான் இருந்தது. ஹெரிட்டேஜ் ரயில்வே என்ற சொல் பிற்பாடு, சுற்றுலாவோடு சேர்ந்து, பரவியது. யுனெஸ்கோ முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பின் பகுதியாகத் தலிஹ்லினுக்கு அது கிடைத்தது 2021-இல்தான். தொண்டர்கள் ஓட்ட ஆரம்பித்து எழுபது வருஷம் கழித்து!

நண்பர் ஒருவர், தனித்தமிழ்ப் பற்றாளர், “தொன்மைத் தொடரி என்று சொல்லிவிட்டுப் போங்களேன்” என்றார். எதுகை மோனைக்கு மதிப்பெண் போடலாம். ஆனால் தொன்மை என்றால் நமக்குக் கீழடி ஞாபகம் வரும். 1865-இல் போட்ட பாதைக்கு அது ரொம்பப் பெரிய சட்டை. பழமைதான் தகுதி என்றால் அதே காலத்தில் போட்டு இன்றும் தினசரி கூட்டம் ஏற்றும் எத்தனையோ பாதைகளுக்கும் அந்தப் பெயர் போகவேண்டும். ரயிலுக்குத் தொடரி என்பது இன்னும் சிக்கல். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு முட்செடி இருக்கிறது. அதைக்கூட மன்னிக்கலாம். தொடரி என்று எவ்வளவு சொன்னாலும் வண்டிதானே ஞாபகம் வருகிறது? பாதை விட்டுப்போகிறது. எஞ்சினைத் துடைத்து மியூசியத்தில் நிறுத்தினால் அது பழைய எஞ்சின், அவ்வளவுதான். இவர்கள் காப்பாற்றியது ஏழே கால் மைல் பாதையை. மழையில் நனைந்து சிலிப்பர் கட்டை மாற்றி, ஜல்லி கொட்டி, புதர் வெட்டியது வண்டிக்காக மட்டும் இல்லை. “தூய தமிழ் வேண்டாமா?” என்று நண்பர் கேட்டார். வேண்டும். இருப்புப்பாதை என்ற அழகான சொல்லைப் பாட்டிகள் காலத்திலேயே வைத்திருந்தோமே, அதை ஏன் கைவிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

என் பரிந்துரை மரபுரிமை ரயில்பாதை. தூய்மை வேண்டுவோர் மரபுரிமை இருப்புப்பாதை என்க. மரபுரிமை நான் புதிதாகச் செய்த சொல் இல்லை, ஈழத்தில் ஹெரிட்டேஜுக்கு எழுதுவதுதான். அதில் மரபும் இருக்கிறது, வாரிசுக்குச் சேரவேண்டிய உரிமையும் இருக்கிறது. லத்தீன் வேரின் பொருள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. உரிமை என்றால் சொத்தோடு கடனும் சேர்ந்து வரும். தலிஹ்லின் பெட்டிகளைப் பாருங்கள், ஒரு பக்கம்தான் கதவு திறக்கும். 1866-இல் சோதனைக்கு வந்த அரசு அதிகாரி டைலர், பாலங்களின் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்று கண்டார். பாலத்தை இடித்துக் கட்டக் காசு ஏது? பாலத்தடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டு, இடிக்கும் பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்தார்கள். பிளாட்பாரம் எல்லாம் இன்றுவரை ஒரே பக்கம். யாரோ ஒரு எஞ்சினியர் அன்று தப்பாகப் போட்ட கணக்கையும் சேர்த்து இந்த வாரிசுகள் சுமக்கிறார்கள். பாரம்பரியம் என்ற சொல் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வரும், இந்த அடைத்த கதவுக்கு அதில் இடம் கிடையாது.

இன்னொரு பொருமலையும் கொட்டிவிடுகிறேன். அதே நிகழ்ச்சியில் வாலண்டியர்களை “சம்பளம் பெறாத ஊழியர்கள்” என்றார்கள். கேட்டால் மூன்று மாதச் சம்பளப் பாக்கி, வேலைநிறுத்தம் வரப்போகிறது என்றுதான் தோன்றும். அங்கே சம்பளக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. மற்றபடி எஞ்சின் துடைக்க வந்து, பயர்மேனாகி, வருஷக்கணக்கில் பழகி டிரைவராவதெல்லாம் லீவு நாளில் சொந்தச் செலவில் வருகிறவர்கள். தொண்டர் என்றால் எவ்வளவு பொருத்தம்! அறுபத்துமூவரைக் குறித்த அந்தச் சொல்லைக் கட்சிக் கொடிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டோம், இப்போது அவிழ்க்க முடியவில்லை. சிங்கப்பூரில் தொண்டூழியர் என்கிறார்கள், நன்றாக இருக்கிறது. தன்னார்வலர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் “சம்பளம் பெறாத” என்பதற்கு அது எவ்வளவோ தேவலாம்.

இதையெல்லாம் சுருக்கி அந்த நிகழ்ச்சிக்காரர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். நேற்றுப் பதில் வந்தது. கருத்துக்கு நன்றியாம், மறு ஒளிபரப்பில் “பாரம்பரிய மரபுரிமை ரயில்” என்று திருத்திவிடுகிறார்களாம்.