சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் மைதா எவ்வளவு?

போன மாதம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். வயது 58, சர்க்கரை நோய் வந்து 9 வருடம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.2-லிருந்து 8.4-க்கு ஏறியிருந்தது. "சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன்மா. இட்லி ரெண்டுக்கு மேல தொடறதில்ல. காபியில சீனியே கிடையாது. அப்புறம் எப்படி ஏறும்?" என்றார். குரலில் அழுகையே வந்துவிட்டது.

காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நாலு மணி டீக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். மகன் வாங்கித் தந்தது. முன்பக்கம் பச்சை இலைப் படம், பக்கத்தில் 'சுகர் ஃப்ரீ', 'லோ கார்ப்' (மாவுச்சத்து குறைவு) என்று பெரிய எழுத்து. காலையில் மூன்று, மாலையில் ஐந்து என்று தினமும் எட்டு பிஸ்கட்.

பாக்கெட்டைத் திருப்பினேன். 100 கிராமுக்கு மாவுச்சத்து 66 கிராம், மொத்தச் சர்க்கரை 0.4 கிராம். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மைதா. அடுத்து பாமாயில், அப்புறம் மால்டிடால் என்ற இனிப்பூட்டி, மால்டோடெக்ஸ்ட்ரின். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆக அவர் வாங்கியது மைதா பிஸ்கட். ஒரு பிஸ்கட் 9 கிராம், எட்டு சேர்ந்தால் 72 கிராம், அதில் மாவுச்சத்து 47 கிராம். மால்டிடாலுக்காகக் கொஞ்சம் கழித்தாலும் 40-க்குக் கீழே வராது. 60 கிராம் அரிசியை வடித்தால் கிடைக்கும் சோற்றிலும் கிட்டத்தட்ட அதே 47 கிராம்தான். தட்டில் குறைத்த சோறு பிஸ்கட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த நிறுவனம் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டதில் சட்டப்படி தவறு இல்லை. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அது சர்க்கரைக்கான கணக்கு. மைதாவின் ஸ்டார்ச் அதில் வராது. மால்டோடெக்ஸ்ட்ரினும் ஸ்டார்ச்சை உடைத்து எடுத்த பொடிதான். லேபிளில் அது சர்க்கரையாகக் கணக்காகாது, ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய குளுக்கோஸ் வேகத்திலேயே ஏறும். 'லோ கார்ப்' என்ற சொல்லுக்கோ இத்தனை கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற எல்லையே நம் விதிகளில் இல்லை. சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது, இதற்கு இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்லியிருக்கிறது. அவர்கள் அத்தனை பேரும் நம்பி வாங்கும் ஒரு சொல்லுக்கு இன்னும் அளவுகோல் வைக்கவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கச் சொன்னேன். வேறு எதுவும் தொடாமல், சர்க்கரை போடாத டீயுடன் ஐந்து பிஸ்கட் மட்டும். சாப்பிடும் முன் குளுக்கோமீட்டரில் 132. இரண்டு மணி நேரம் கழித்து 211. நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முயன்றதை அந்த இரண்டு எண்களும் ஒரு நொடியில் புரியவைத்துவிட்டன. வீட்டில் மீட்டர் இருப்பவர்கள் எந்தப் புதுப் பாக்கெட்டையும் ஒருமுறை இப்படிச் சோதித்துவிடுங்கள்.

இனிப்பூட்டிகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். எரித்ரிட்டால் (சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் 968 என்ற எண்) ரத்தச் சர்க்கரையைக் கிட்டத்தட்ட அசைப்பதே இல்லை. மால்டிடால் (ஐஎன்எஸ் 965) அப்படி இல்லை. சீனியைவிடக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றும். சுவையும் பதமும் சீனியைப் போலவே வருவதால் சாக்லேட், பிஸ்கட் செய்பவர்களுக்கு இதுதான் பிடித்தமானது. நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகும். இந்த வகை இனிப்பூட்டி 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கையைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும். பொடி எழுத்தில் எங்காவது ஓரத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இப்போது 'நெட் கார்ப்'. மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தையும் இனிப்பூட்டியையும் கழித்து மீதியை மட்டும் முன்பக்கம் பெரிதாகப் போடுகிறார்கள். எதை எவ்வளவு கழிக்கலாம் என்பது கம்பெனியின் இஷ்டம். நான் இதைச் சரிபார்க்கக் கலோரிக் கணக்குப் போடுவேன். சென்ற வாரம் ஒரு இளைஞர் கொண்டுவந்த 40 கிராம் புரோட்டீன் பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 170 கலோரி, கொழுப்பு 9 கிராம், புரதம் 10 கிராம், 'நெட் கார்ப் வெறும் 3 கிராம்'. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 81. புரதம் கிராமுக்கு 4, ஆக 40. கூட்டினால் 121. மீதி 49 கலோரியில் அந்த 3 கிராம் கார்ப் தருவது 12 மட்டுமே. இன்னும் 37 கலோரி எங்கிருந்து வந்தது? மால்டிடால் கிராமுக்கு ஏறக்குறைய 2.4 கலோரி என்று வைத்தால் அதிகபட்சம் சுமார் 15 கிராம். சேர்மானத்தில் பார்த்தால் மால்டிடால் இருந்தது. எரித்ரிட்டாலாக இருந்திருந்தால் அந்த 37 கலோரி வந்திருக்காது. செல்போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை இது. கடையில் நின்றபடியே போடலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் பாக்கெட்டில் இன்னொரு சிக்கல். அமெரிக்கா, கனடா லேபிள்களில் மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கும். பிரிட்டன், ஐரோப்பிய லேபிள்களில் நார்ச்சத்தை ஏற்கெனவே விலக்கிவிட்டுத்தான் எண்ணைப் போடுவார்கள். லண்டன் பாக்கெட்டில் நீங்கள் மறுபடியும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும்.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சாப்பிடும் 'கீட்டோ' உணவுக்காக விற்கும் கீட்டோ ஆட்டா பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். சோயா மாவு, கோதுமைப் புரதம், பாதாம் மாவு என்று கலந்து செய்வதில் மாவுச்சத்து நிஜமாகவே குறைவாக இருக்கும் பாக்கெட்டுகளும் உண்டு. கோதுமைப் புரதம் என்றால் குளூட்டன். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக் கூடாது. முன்பக்கத்தில் 'ஒரு சப்பாத்திக்கு' என்று போட்டிருந்தால் அந்தச் சப்பாத்தி எத்தனை கிராம் மாவில் செய்தது என்று பாருங்கள். 20 கிராமில் சப்பாத்தி இடுகிற வீடு எது? 100 கிராம் கணக்கு பின்பக்கம் இருக்கும், எப்போதும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுதானிய பிஸ்கட்டுக்கும் இதே கதைதான். ராகி நல்லது, நானே சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் 100 கிராம் ராகி மாவில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல். இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறோம் என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை என்றும் 2025-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு காட்டியது.

இன்னொன்று, இது பாக்கெட்டைவிட அவசரமானது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் கீட்டோ உணவுக்குப் போனால், சுகர் அவ்வளவாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மீட்டரில் நல்ல எண் காட்டுகிறதே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உணவை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு நாலு மணிக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை என்று முடிவு செய்தோம். 30 கிராமில் மாவுச்சத்து 5 கிராம் அளவில்தான். பொட்டுக்கடலையும் அதே மாதிரிதானே என்றார். இல்லை, அதில் மூன்று மடங்கு. முட்டை சாப்பிடும் நாளில் ஒரு அவித்த முட்டை. மகனிடம் பேசியபோது பாவம், அவருக்கு வருத்தம். அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சாதாரண பிஸ்கட்டைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். இப்போது கடைக்குப் போனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேற்று அனுப்பியது ஒரு 'லோ கார்ப்' சேமியா. முதல் பெயர் ரவை. வேண்டாம் என்று பதில் போட்டேன்.