மெசின் நிற்கிற நேரத்தைப் பாருங்கள்

கொழும்புக்கு அருகே இரத்மலானை, பேலியகொடைப் பக்கம் தொழிற்சாலை பார்க்கப் போகும் மாணவர்களுக்கு ஓடுகிற மெசினைத்தான் காட்டுவார்கள். மஞ்சள் கோட்டுக்குள் நடந்து, சுவரில் உள்ள பதாகைகளைப் படித்துவிட்டுத் திரும்பினால் பாதுகாப்பைப் பற்றி அதிகம் தெரியவராது. ஏதாவது சிக்கிக்கொண்டு, யாராவது கையை உள்ளே விடும் நேரம்தான் ஆபத்தானது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இதில் அடைப்பு வந்தால் யார் எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள்?"

"சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டு எடுப்போம்" என்ற பதில் போதாது. மறுபக்கத்தில் நிற்பவர் விஷயம் தெரியாமல் திரும்பப் போட்டுவிடலாம். சிவப்பு அவசரப் பொத்தானை நம்பியும் கை வைக்கக்கூடாது. பெரும்பாலான மெசின்களில் அது ஓட்டத்தை நிறுத்துமே தவிர, உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிரதான சுவிட்சை இறக்கி, அதற்குப் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, வேலை செய்பவரே சாவியை வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. பிறகு காற்றுக் குழாயில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும், மேலே தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியாக, எல்லாரையும் விலக்கிவிட்டு ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி, மெசின் அசையவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். பிழையான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே.

ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு மறைப்பு இருக்கவேண்டும் என்று இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மறைப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அதன் ஆணிகளையும் பாருங்கள். நான்கு ஆணி போடவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தால், அல்லது கம்பியால் கட்டியிருந்தால், அதை அடிக்கடி கழற்றுகிறார்கள் என்று அர்த்தம். ஏன் கழற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கிரீஸ் போடும் வாய் மறைப்புக்கு உள்ளே இருப்பதுதான் பல இடங்களில் காரணம். ஒரு சிறு குழாய் வைத்து அந்த வாயை வெளியே கொண்டுவந்தால் கழற்றவேண்டிய தேவையே வராது. தொழிலாளியைக் குறைசொல்வதற்கு முன் இதைச் செய்யலாமே!

இரும்பைத் தேய்க்கும் சுழல்கல் மெசின், அதாவது கிரைண்டர், இருந்தால் அதன் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கல்லுக்கும் பொருளைத் தாங்கும் தட்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கல்லின் மறைப்பில் மேலே உள்ள, நகர்த்தக்கூடிய நாக்குத் தகட்டுக்கும் கல்லுக்கும் இடையே 6 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கல் தேயத் தேய இந்த இடைவெளி கூடும், பொருள் உள்ளே இழுபட்டுக் கல் வெடிக்கலாம். கல்லில் அச்சிட்ட உச்ச வேகம் மோட்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. கிரைண்டருக்குக் கையுறை போட்டால் அதுவும் இழுபடும்.

தொட்டி, குழி, கொதிகலன் போன்றவற்றுக்குள் இறங்கும் வேலையைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு இறப்பர் தொழிற்சாலையில் தொட்டிக்குள் விழுந்தவரும் அவரைக் காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து பேர் இறந்தார்கள். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும், ஏனென்றால் ஐதரசன் சல்பைட்டு போன்ற பாரமான வாயு அடியில் தங்கும். வெளியே நிற்பவருக்குக் காவல் மட்டும்தான் வேலை. உள்ளே இருப்பவர் விழுந்தால் அவர் பின்னால் குதிக்காமல் கயிற்றாலோ கப்பியாலோ இழுக்க வேண்டும். அந்தக் கயிறும் கப்பியும் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

கொழும்புத் தொழிற்சாலைகளில் மலையகத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அபாய அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மேலாளர் பக்கத்தில் இல்லாத நேரம் ஒரு தொழிலாளியிடம், "அமிலம் கண்ணில் பட்டால் என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேளுங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும் என்று அவர் சொல்லி, தண்ணீர் இருக்கும் இடத்தையும் உடனே கைகாட்டினால் அங்கே பயிற்சி உண்மையிலேயே நடந்திருக்கிறது.

நீங்கள் மூடிய சப்பாத்து போட்டு, தலைமுடியைக் கட்டி, தொங்கும் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பாரதூரமான குறை கண்டால் முதலில் அங்குள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.